147-ஆம் சாலையும் அதன் அடியில் போன கடைத்தெருவும்: டர்ஹாமில் கறுப்பினத்தவர் கடைகளுக்குப் போவது பற்றி

கேள்வி: அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில், தெற்கு டர்ஹாமுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு வாசகர், 2024 பிப்ரவரி 6

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் அலுவலகத்தில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளின் பட்டியல் அனுப்புகிறார்கள். ஆதரவு தாருங்கள் என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் போவேன், இல்லையென்றால் போகமாட்டேன். முதலாளி யார் என்று பார்த்து வாங்குவது சரியா? ஒரு நாள் போய்ச் சாப்பிட்டால் அவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

2024 பிப்ரவரி 6, இரவு

தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். ஒரு நாள் போய்ச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பிப்ரவரியில் கூட்டம் வழிந்து மார்ச்சில் கடை காற்று வாங்கினால், அந்த ஒரு மாதத்தை நம்பி ஆள் சேர்த்தவருக்கு நஷ்டம்தான். நான் சொல்வது வேறு. ஏற்கெனவே நாம் செலவழிக்கிற பணத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக அந்தப் பக்கம் திருப்பிவிடுவது. முடிவெட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலக மதியச் சாப்பாடு, பிள்ளையின் பிறந்தநாள் கேக். மாதாமாதம் போனால் ஆகும்.

முதலாளி யார் என்று பார்ப்பது சரியா என்பதற்கு 147-ஆம் நம்பர் சாலையைப் பற்றிப் பேச வேண்டும். நாளை எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 7

ஆர்டிபியில் (ரிசர்ச் டிரையாங்கிள் பார்க், நிறுவனங்கள் நிறைந்த வளாகம்) வேலை முடிந்து டர்ஹாம் டவுன்டவுனுக்குப் போகிற நாளில் நாம் எல்லாரும் ஏறுகிற சாலை 147. அந்தச் சாலை போகும் இடத்தில் ஹேட்டை என்ற ஊரே இருந்தது. ஊர் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஃபேயட்வில் தெருவிலும் பெட்டிகுரூ தெருவிலும் மளிகைக் கடை, மருந்துக் கடை, தையல்காரர், பில்ட்மோர் ஹோட்டல், ரீகல் சினிமாக் கொட்டகை, செயின்ட் ஜோசஃப் தேவாலயம் என எல்லாம் கறுப்பின மக்களுடைய இடங்கள். வெள்ளையர் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில் தங்களுக்கு வேண்டிய அத்தனையையும் அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

1958-ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் வந்தது. 1962-ல் அதற்கான கடன்பத்திரத்துக்கு ஓட்டெடுப்பு. இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது: கறுப்பின மக்களே பெரும்பான்மையாக ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவோம், கடைகளுக்கு நல்ல இடம் தருவோம் என்ற வாக்கை நம்பினார்கள். இடிப்பது நடந்தது. கட்டித் தருவது பெரும்பாலும் நடக்கவே இல்லை. 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களும் சுமார் 500 வணிகங்களும் இடம்பெயர்ந்ததாகத்தான் டர்ஹாமில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சில கடைக்காரர்களைத் தற்காலிகம் என்று சொல்லித் தகரக் கொட்டகைகளில் உட்கார வைத்தார்கள். மக்கள் அதற்கு ‘தகர நகரம்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

தேவாலயக் கட்டடம் தப்பியது. இன்று அதுதான் ஹேட்டை பாரம்பரிய மையம். கோபுரம் சாலையிலிருந்தே தெரியும்.

ஆகவே முதலாளி யார் என்று பார்க்கக் கூடாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் எந்தத் தெருவின் மேல் சாலை போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் அதைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். அதன் பலனில் தினமும் வண்டி ஓட்டுகிற நான், இப்போது மட்டும் எனக்கு நிறம் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

2024 பிப்ரவரி 7, கொஞ்ச நேரம் கழித்து

நஷ்டஈடு கொடுத்திருப்பார்களே என்று ஒருவர் கேட்கிறார். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கொடுத்தார்கள். அங்கே வாடகைக்குக் கடை வைத்திருந்தவர் பல வருஷம் சேர்த்த வாடிக்கையாளர்களுக்கு யாரும் விலை போடவில்லை. சுற்றி இருந்த குடும்பங்கள் நகரத்தின் நாலு மூலைக்கும் போய்விட்ட பிறகு, அவர் வேறு இடத்தில் கடையைத் திறந்தாலும் யாருக்கு விற்பார்?

2024 பிப்ரவரி 9

பாரிஷ் தெருவையும் ஹேட்டையையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கீழே வந்த மூன்று பதில்களிலும் அப்படித்தான். ஹேட்டை ரயில் பாதைக்குத் தெற்கே, மக்கள் குடியிருந்த இடம். பாரிஷ் தெரு டவுன்டவுனுக்கு நடுவில், வெள்ளையர் வணிகப் பகுதிக்குள்ளேயே இருந்த நிதித் தெரு. ‘கறுப்பு வால் ஸ்ட்ரீட்’ என்று சொல்வது இதைத்தான். ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருந்த கறுப்பின வணிகப் பகுதியான கிரீன்வுட்டையும் அதே பெயரில் சொல்வார்கள். அதை 1921-ல் கும்பல் எரித்தது. டர்ஹாமில் தீ வைக்கவில்லை, திட்டம் போட்டார்கள்.

பாரிஷ் தெருவின் கதை ஜான் மெரிக்கிலிருந்து தொடங்குகிறது. அடிமையாக 1859-ல் பிறந்தவர். கொத்தனார் வேலை பார்த்தார், அப்புறம் முடிதிருத்துபவர் ஆனார். புகையிலை முதலாளி வாஷிங்டன் டியூக்குக்கு அவர்தான் முடி வெட்டினார். பல கடைகள் வைத்தார். 1898-ல் ஊரின் முதல் கறுப்பின மருத்துவரான ஏரன் மூர் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் நார்த் கரோலினா மியூச்சுவல்.

ஏன் காப்பீடு? 1881-லேயே புருடென்ஷியல் நிறுவனம் ஒரே பிரீமியத்துக்குக் கறுப்பினத்தவருக்குக் கொடுக்கும் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டது. வீட்டில் ஒருவர் இறந்தால் அடக்கம் செய்யப் பணம் இல்லை என்ற பயம் அன்றாட பயம். மியூச்சுவல் முகவர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போய் 5 சென்ட், 10 சென்ட் வாங்கி வந்தார்கள். முதலில் வந்த ஒரு 40 டாலர் கோரிக்கைக்குக் கல்லாவில் பணம் போதாமல் மெரிக்கும் மூரும் சொந்தப் பையிலிருந்து போட்டுக் கொடுத்ததாக டர்ஹாமில் இன்றும் சொல்வார்கள். மூரின் உறவினர் சி. சி. ஸ்பால்டிங் பொறுப்பேற்று, 1952-ல் இறக்கும் வரை அதை நாட்டின் மிகப்பெரிய கறுப்பின நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்தார்.

பிறகு வங்கி. மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ், 1907-ல் உரிமம், 1908-ல் பாரிஷ் தெருவில் கதவு திறந்தது. முதல் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், செங்கல் சூளை முதலாளி. எம் அண்ட் எஃப் வங்கி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1910-ல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வந்து பார்த்து வியந்தார். 1912-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் டர்ஹாமைப் பாராட்டி எழுதினார். மற்ற விஷயங்களில் எதிரெதிர் முகாமில் நின்ற இரண்டு பேர், இந்த ஊர் விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பெருமைக் கதை அல்ல. சொந்தக் கடை, சொந்த வங்கி வைத்திருந்தவரை வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று யாரும் மிரட்ட முடியாது. 1935-ல் டர்ஹாமில் கறுப்பின மக்களின் அரசியல் குழு அமைந்தபோது ஸ்பால்டிங்கும், இன்றைய நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜேம்ஸ் ஷெப்பர்டும் முன்னால் நிற்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடை என்பது வாக்குரிமைக்குப் பின்னால் இருந்த முதுகெலும்பு.

2024 பிப்ரவரி 10

“குடிமை உரிமைச் சட்டம்தான் 1964-லேயே எல்லாக் கதவையும் திறந்துவிட்டதே” என்கிறார் ஒருவர். திறந்தது உண்மை. ஒரு பக்கமாகத்தான் ஆள் நடந்தது. கறுப்பின வாடிக்கையாளர்கள் வெள்ளையர் கடைகளுக்குப் போனார்கள், போக உரிமை கேட்டுப் போராடியவர்கள் அவர்கள். 1957-லேயே, புகழ்பெற்ற கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டத்துக்கு மூன்று வருஷம் முன்பே, டர்ஹாமின் ராயல் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து ஏழு பேர் கைதானார்கள். ஆனால் வெள்ளையர்கள் ஹேட்டைக் கடைகளுக்குத் திரும்ப நடக்கவில்லை. பின்னால் வந்த நாமும் நடக்கவில்லை. பணம் ஒரு திசையில் மட்டும் போனது. அதே பத்தாண்டில்தான் சாலையும் வந்தது.

ஆதரவு என்று நான் சொல்வதெல்லாம் அந்தத் திரும்ப நடக்கும் பாதியைத்தான். தர்மம் செய்யச் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 18

சைவக்காரர்கள் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தென்மாநிலக் கறுப்பினச் சமையலில் காலர்ட் கீரையைப் புகைபோட்ட வான்கோழியோ பன்றியோ போட்டு வேகவைப்பது வழக்கம். பீன்ஸ், முட்டைக்கோசு எல்லாவற்றிலும் இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். நான் போகும் இடத்தில் கறி சேர்க்காத கீரை என்றைக்கு உண்டு என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மாக்கரோனி, சோள ரொட்டி இவை பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு: ஃபேயட்வில் தெருவில் சிக்கன் ஹட். 1950களிலிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. பொரித்த கோழி, வாழைப்பழப் புட்டிங். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். டில்லார்ட்ஸ் பார்பெக்யூவைத் தேடிப் போகாதீர்கள், 1953-ல் தொடங்கிய அந்தக் கடை 2011-ல் மூடிவிட்டது. அதன் கடுகுச் சாறைப் பற்றிப் பழைய டர்ஹாம்காரர்கள் இன்னும் ஏக்கத்தோடு பேசுவார்கள். கடை மூடின பிறகு பேசுவதை விட, திறந்திருக்கும்போது போவது மேல்.

2024 மார்ச் 11

ஒரு தோழி எழுதியிருந்தார்: குழந்தையின் விழாவுக்கு ஒரு கறுப்பின கேட்டரிங்காரரிடம் சொல்லி, சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததாம். “இதனால்தான் போக மாட்டேன்” என்று முடித்திருந்தார்.

அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. பசியோடு விருந்தாளிகள் நிற்கும்போது எந்தச் சமாதானமும் எடுபடாது. ஆனால் அக்கா, போன வருஷம் நம் பொங்கல் விழாவுக்கு ஓர் இந்திய உணவகம் சாம்பார் அண்டாவை எத்தனை மணிக்குக் கொண்டுவந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கடையைத் திட்டினோம். “இந்தியக் கடைகளே இப்படித்தான்” என்று யாரும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வேறொரு இந்தியக் கடைக்குப் போனோம். ஒரு கடையின் பிழையை ஒரு இனத்தின் கணக்கில் எழுதுவதுதான் இதில் நடக்கிறது. அதை நம் வீட்டுக்குள்ளேயே பேசித் திருத்த வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் புதிதாக வருபவர்களிடம் நம் வாட்ஸப் குழுக்களில் “அந்தப் பக்கம் வீடு பார்க்காதே, அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தாதே” என்று எழுதுகிறோமே, அதை எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவில் இறங்கி நடந்திருக்கிறார்கள்? ஃபேயட்வில் தெருவில் நான் முடிவெட்டப் போகும் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மாணவர்கள், தேவாலயத்துப் பெரியவர்கள், கைக்குழந்தையோடு அப்பாக்கள். அவ்வளவுதான் அந்தப் ‘பயங்கரம்’.

2024 மார்ச் 12

மேலே எழுதியதற்குத் துணை. சிறு கடையில் ஆர்டர் கொடுத்தால்: இரண்டு வாரம் முன்னாடி சொல்லுங்கள், முன்பணம் கொடுங்கள், எத்தனை பேர் என்பதைக் கடைசி நாளில் மாற்றாதீர்கள். பேரம் பேசாதீர்கள். குறை இருந்தால் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்கு முன் உரிமையாளரிடம் நேரில் சொல்லுங்கள். பத்துக் கிளை உள்ள கடைக்கு ஒரு நட்சத்திரம் வலிக்காது. சமைப்பவரும் கல்லாவில் இருப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் கடைக்கு வலிக்கும்.

2024 ஏப்ரல் 20

பிப்ரவரி 6-ல் ‘மாதாமாதம்’ என்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டுக்கு அது பொருந்தும். ஆனால் பெரிய பணம் சாப்பாட்டில் இல்லை. இந்த வருஷம் வரிக் கணக்கை ஒரு கறுப்பினப் பெண் கணக்காயரிடம் கொடுத்தோம். இந்தியாவில் உள்ள வைப்புத்தொகை, வாடகை வருமானம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுச் செய்தார். ஒரு குடும்பம் அவருக்குத் தரும் கட்டணம், அதே குடும்பம் ஓர் ஆண்டு முழுக்கச் சாப்பிடப் போவதற்குச் சமம். வீட்டுக் கூரை, குளிர்சாதனப் பழுது, குழந்தைகள் காப்பகம், வழக்கறிஞர், பல் மருத்துவர்: இவற்றில் யோசியுங்கள். எல்லாரும் ‘ஆதரவு’ என்றதும் காபிக் கடையைத்தான் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களில் கறுப்பினத்தவருடையவை சுமார் 3 சதவீதம்தான். மக்கள்தொகையில் அவர்கள் 13, 14 சதவீதம். இந்த இடைவெளி காபி குடித்து அடையாது.

2024 ஜூன் 5

அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியத்தின் மீதான வழக்கில் 3-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் நல்கை தரும் போட்டி. அதை நடத்தத் தடை. வழக்குக்குப் பயன்படுத்திய சட்டம் எது தெரியுமா? 1866-ல், அடிமைத்தனம் ஒழிந்த கையோடு, விடுதலையான மக்களுக்கும் ஒப்பந்தம் செய்யும் உரிமை வேண்டும் என்று கொண்டுவந்த குடிமை உரிமைச் சட்டம். அவர்களைக் காக்க எழுதியதை அவர்களுக்கான நல்கைக்கு எதிராகவே திருப்பியிருக்கிறார்கள். படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு 2020 கோடையில் நிறுவனங்கள் கொடுத்த வாக்குகளிலிருந்து மெல்லப் பின்வாங்க இது நல்ல சாக்கு. அதனால்தான் சொல்கிறேன், அலுவலக மின்னஞ்சலுக்குக் காத்திருக்காதீர்கள். அது அடுத்த பிப்ரவரியில் வராமலும் போகலாம்.

2024 ஆகஸ்ட் 3

“பெரிய கடையில் ‘கறுப்பினத்தவர் நிறுவனம்’ என்று ஒட்டியிருக்கும் ஷாம்பூ வாங்குகிறேன், அது போதுமா?” வாங்குங்கள், நல்லது. ஆனால் உரிமை கைமாறும். ஷியா மாய்ஸ்சர் ஒரு காலத்தில் லைபீரியாவிலிருந்து வந்தவர் நடத்திய நிறுவனத்தின் பொருள். 2017-லிருந்து யூனிலீவர் கையில். விற்றது அவர் உரிமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் டர்ஹாமில் இருக்கும்போது, பணம் டர்ஹாமில் சுற்ற வேண்டும் என்றால் உள்ளூர்க் கடைதான் வழி. டர்ஹாமிலும் ராலேயிலும் கறுப்பின விவசாயிகள் சந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. இந்தப் பருவத்தில் வெண்டைக்காயும் தட்டைப்பயறும் வரும். அந்த வெண்டைக்காயை ஒருமுறை வாங்கிப் பொரியல் செய்தால் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் வருவதை மறந்துவிடுவீர்கள்.

2024 ஆகஸ்ட் 4

வெண்டைக்காய் அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆமாம், அடிமைக் கப்பல்களின் காலத்தில்தான் அது இந்தக் கண்டத்துக்கு வந்தது. அந்த உரையாடல் தனி இழையில் நடக்கட்டும், இங்கே வேண்டாம். மூன்று பேர் குழம்புச் செய்முறை போட்டிருக்கிறீர்கள்.

2024 செப்டம்பர் 13

ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. நல்கைப் போட்டி மூடப்படுகிறது. ஒரு வாடிக்கையாளர் தன் பணத்தை எந்தக் கடையில் செலவழிப்பது என்பதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

2024 அக்டோபர் 19

இரண்டு பேர் ஒரே நாளில் எம் அண்ட் எஃப் வங்கியைப் பற்றிக் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில், மியூச்சுவலுக்கு என்ன ஆனது என்று கேட்டவருக்கு: 1966-ல் டியூக் குடும்ப மாளிகை இருந்த மேட்டிலேயே 12 மாடிக் கட்டடம் எழுப்பிய நிறுவனம், 2018 இறுதியில் மாநில நிர்வாகத்தின் கைக்குப் போனது. பிறகு கலைக்க உத்தரவு வந்தது. 120 ஆண்டு வரலாறு காப்பாற்றிவிடாது என்பதற்கு அதுவே போதும். பெயர்ப்பலகைக்கு முன் படம் எடுத்தவர்கள் ஏராளம், பாலிசி எடுத்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

வங்கி ஏன் முக்கியம்? சிறு கடைக்காரர் கடன் கேட்டால் வங்கி பிணை கேட்கும். பிணை என்றால் பெரும்பாலும் வீடு. 1930களில் கூட்டாட்சி வரைபடங்களில் ஹேட்டை போன்ற பகுதிகளுக்குச் சிவப்பு பூசி ‘ஆபத்து’ என்று எழுதினார்கள். அங்கே வீட்டுக்கடன் கிடைக்கவில்லை, வீட்டு மதிப்பு ஏறவில்லை. தாத்தாவின் வீட்டு மதிப்பு ஏறாததால் பேரனின் கடைக்குப் பிணை போதவில்லை. 2020-ல் அரசு அறிவித்த பெருந்தொற்றுக் கடன் முதல் சுற்றில் வங்கியோடு ஏற்கெனவே உறவு இருந்தவர்களுக்கே முதலில் கிடைத்தது, பல கறுப்பினக் கடைக்காரர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். இந்தக் கடைக்காரர்களை அறிந்து கடன் கொடுக்கும் வங்கிக்கு வேண்டிய மூலப்பொருள் வைப்புத்தொகை. நம்மிடம் இருப்பது அதுதான்.

பத்திரமா என்ற கேள்விக்கு: எஃப்டிஐசி (வங்கி வைப்புத்தொகைக்கான கூட்டாட்சி அரசின் காப்பீட்டு அமைப்பு) காப்பு எல்லா உறுப்பு வங்கிகளுக்கும் ஒன்றுதான். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 2,50,000 டாலர் வரை. கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால் ஆளுக்கு அவ்வளவு. நாங்கள் அவசரத் தேவைக்கு வைத்திருந்த சேமிப்பை அங்கே மாற்றினோம். சம்பளக் கணக்கை மாற்றவில்லை, பிள்ளைகளின் கல்லூரிக் கணக்கும் பழைய இடத்தில்தான். முழுவதையும் மாற்றினால்தான் ஆதரவு என்று யாரும் நினைக்க வேண்டாம். செயலி பெரிய வங்கிகள் அளவுக்கு வேகமாக இருக்காது. எனக்கு அது பொருட்டில்லை, அந்தப் பணத்தை தினம் திறந்து பார்க்கப் போவதில்லை.

2024 அக்டோபர் 20

தம்பி, பிப்ரவரியில் கேள்வி கேட்டு இழையைத் தொடங்கியவர் நீங்கள். நேற்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். உங்கள் குழுவின் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டை மாதம் ஒருமுறை ஃபேயட்வில் தெருக் கடைக்கு மாற்றியிருக்கிறீர்கள், மேலாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மிகவும் சந்தோஷம். சைவத் தட்டுகளுக்குத் தனிப் பெட்டி, தனிக் கரண்டி வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

பொங்கல் விழாக் குழுவுக்கு: இனிப்பு, கேக், ஒலிபெருக்கி, புகைப்படம் நான்குக்கும் இந்த முறை உள்ளூர்க் கறுப்பினத் தொழில்முனைவோரிடமும் விலை கேட்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கிரேட்டர் டர்ஹாம் கறுப்பின வணிகர் சங்கத்தில் விசாரித்தால் யார் எதைச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். முட்டையில்லாத கேக் செய்பவர் வேண்டும், நவம்பர் முதல் வாரத்துக்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். யார் போன் செய்கிறீர்கள்?